பனியன் கம்பெனி பழைய சர்வோ பாக்ஸ், கம்ப்யூட்டர், யுபிஎஸ் பேட்டரி: எடைக்குப் போடாம என்ன பண்ணலாமுங்க?

அனுப்பர்பாளையத்தான் (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூர்ல 90 மிஷின் ஓடற பனியன் கம்பெனிக்கு மெயின்டனன்ஸ் பாக்கறேன். தையல் லைன் மொத்தமும் டைரக்ட் டிரைவ் மிஷினுக்கு மாறுது. கழட்டுன பழசெல்லாம் குடோன்ல குமிஞ்சு கெடக்குது. 550 வாட் சர்வோ மோட்டார், கன்ட்ரோல் பாக்ஸோட 62 செட், எல்லாம் ஒரே மாடல். கிளட்ச் மோட்டார் 18. மூணாம், நாலாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப் 24. பரண்ல 17 இஞ்ச் சிஆர்டி (பழைய பெரிய டியூப்) மானிட்டர் 9. கம்ப்ரஸர்ல இருந்து கழட்டுன விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ்) 5. மூணு கேவிஏ யுபிஎஸ் ரெண்டு, அதுக்கான 26 ஆம்பியர் பேட்டரி 16, போக சின்ன 7 ஆம்பியர் பேட்டரி 40. எல்இடி டியூப் 140, பழைய குழல் விளக்கு 60. கைரேகை அட்டெண்டன்ஸ் மிஷின் ரெண்டு, கேமரா டிவிஆர் ரெண்டு, பிரிண்டர் அஞ்சு.

காயலாங்கடைக்காரர் வந்து பாத்துட்டு, எல்லாத்தையும் ஒண்ணா எடை போட்டு ஒரே ரேட்டுல எடுத்துக்கறேன், நாளைக்கே வண்டி வரும்ங்கறார். முதலாளிக்கு இடம் காலியானாப் போதும். ஆனா பையர் ஆடிட்ல எலக்ட்ரானிக் கழிவை எப்படி மறுசுழற்சிக்குக் கொண்டு போறீங்க, அதுக்கு ஆதாரம் என்னன்னு தனியாக் கேக்கறாங்க. எனக்கு ஒரு மாசம் டைம், ரெண்டு எலக்ட்ரீசியன், ஒரு மல்டிமீட்டர், இன்சுலேஷன் பாக்கற ஒரு மெக்கர் இருக்குது. எதுல இருந்து ஆரம்பிக்கறதுங்க?

குறிச்சி சிட்கோ

தராசை வரச் சொல்றதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க. கட்டிங் வேஸ்ட்டை வெள்ளை தனி, கலர் தனி, ரிப் தனின்னு பிரிச்சு ஓஇ மில்லுக்கு (கழிவுப் பஞ்சுல நூல் எடுக்கற மில்) அனுப்பற ஊரு உங்க ஊரு. பிரிச்சாத்தான் விலைன்னு துணியில தெரிஞ்ச நமக்கு போர்டுல மட்டும் மறந்து போயிருது. ஓடற சர்வோ பாக்ஸும் வெந்து போன பாக்ஸும் தராசுல ஒரே எடைதான். எடைக்குப் போட்ட அந்த நிமிஷமே ஓடற பாக்ஸ் வெறும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஆயிருது.

மொதல்ல குடோன்ல சாக்பீஸ்ல கட்டம் போடுங்க. அப்படியே ஓடறது, சின்ன ரிப்பேர்ல ஓடறது, பார்ட்ஸுக்கு மட்டும் ஆகறது, எதுக்கும் ஆகாம ரீசைக்கிளருக்குப் போறது. பேட்டரிக்கும் குழல் விளக்குக்கும் மட்டும் தனியா, தண்ணி படாத மூலை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர். நோட்டுல நம்பர், மாடல், சீரியல் நம்பர், டெஸ்ட் முடிவு, எந்தக் கட்டம், யாருக்குப் போச்சு. ஆடிட்டர் கேக்கற ஆதாரத்துல பாதி இந்த நோட்டுதான்.

வேலை வரிசை முக்கியம். பேட்டரிதான் முதல்ல, ஏன்னா சார்ஜ் இல்லாமக் கெடக்கக் கெடக்க அது செத்துட்டே இருக்கும். அடுத்தது டேட்டா இருக்கற சாமான், அதை அழிக்காம ஒரு ஸ்க்ரூ கூட வெளிய போகக் கூடாது. அப்புறம் சர்வோ. ஒரே மாடல் 62 செட்டுங்கறது பெரிய கொடுப்பினை, ஒண்ணோட பார்ட்ஸ் இன்னொண்ணுக்கு அப்படியே உக்காரும். அவினாசி, பெருமாநல்லூர் பக்கம் பவர் டேபிள் (சின்னத் தையல் யூனிட்) வெச்சிருக்கறவங்களும் மிஷின் மெக்கானிக்குகளும் டெஸ்ட் பண்ணுன செட்டுக்கு வருவாங்க.

கிளட்ச் மோட்டாரைத் திரும்பத் தையலுக்குத் தராதீங்க. ஊசி நின்னாலும் மோட்டார் ஓடிட்டே இருக்கும், வாங்கறவன் கரண்ட் பில்லுல நம்மளைத் திட்டுவான். அரை எச்பி மோட்டார், பெஞ்சு கிரைண்டருக்கும் சின்னச் சாமான் பாலீஷுக்கும் ஆகும். உங்க அனுப்பர்பாளையத்துலயே பாத்திரப் பட்டறை இல்லாத சந்து ஏது? காயில் போனதைக் காயில் கட்டறவர்கிட்டக் காட்டுங்க, பேரிங்கும் காயிலும் மாத்துனா ஓடற மோட்டாரை உடைச்சுச் செம்பு எடுக்கறது வீண்.

மீட்டர்காரர், பீளமேடு

சர்வோ பாக்ஸுக்கு மட்டும் விவரமாச் சொல்றேன், பணமும் ஆபத்தும் அதுலதான் இருக்கு.

உள்ள 230 வோல்ட் ஏசி நேரா டிசியா மாறி 320 வோல்ட் பக்கம் நிக்கும். பிளக்கைப் புடுங்குனாலும் பெரிய கெபாசிட்டர்ல அது கொஞ்ச நேரம் தங்கும். அந்தச் சார்ஜை இறக்கற ப்ளீடர் ரெசிஸ்டர் ஓபன் ஆன பாக்ஸ்ல மணிக்கணக்காத் தங்கும். அதனால பிளக்கை எடுத்து 10 நிமிஷம் விட்டு, மூடியைக் கழட்டி, கெபாசிட்டர் கால்ல மீட்டரை டிசி 1000 வோல்ட் ரேஞ்சுல வைங்க. 30 வோல்ட்டுக்கு மேல இருந்தா 100 வாட் குண்டு பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயர் கட்டி அதால இறக்குங்க. ஸ்க்ரூடிரைவரை வெச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டாம், கெபாசிட்டர் காலும் போர்டு டிராக்கும் போயிரும்.

மூடியைத் தொறந்ததும் உங்க ஊரு பாக்ஸ்ல என்ன தெரியும்னா, ஹீட் சிங்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி ஒரு படலம். பனியன் பஞ்சு, அதுல மிஷின் ஆயில் ஊறி, மழைக்காலத்து ஈரமும் சேர்ந்தது. கையில எடுத்தா ஒரே துண்டா உரிஞ்சு வரும். காஞ்சு இருக்கறப்ப ஒண்ணும் பண்ணாது. ஈரம் ஏறுனா ஐபிஎம் (மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பற பவர் மாட்யூல்) கால்களுக்கு நடுவுல கரண்ட் கசியும். பாதி பாக்ஸ் "ரிப்பேர்"னு மூலையில போனதுக்கு இதுதான் காரணமா இருக்கும், பார்ட்ஸ் எதுவும் போயிருக்காது. கம்ப்ரஸர் ஏரை நேரா அடிச்சிராதீங்க, லைன்ல இருக்கற தண்ணியும் ஆயிலும் உள்ள போயிரும். பெயிண்ட் பிரஷ்ல பஞ்சை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வெச்சுக் கழுவி, ஒரு நாள் நிழல்ல காய விடுங்க. பேன் இருந்தா கையில புடிச்சுட்டுத் தொடைங்க.

காஞ்ச பொறகு, பவர் குடுக்காம, மீட்டர் டயோடு மோடுல. கெபாசிட்டர் மைனஸ்ல சிவப்பு ஒயர், மோட்டாருக்குப் போற மூணு கால்லயும் ஒண்ணொண்ணாக் கறுப்பு ஒயர்: 0.3ல இருந்து 0.6க்குள்ள வரணும், மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். அடுத்து பிளஸ்ல கறுப்பு, மோட்டார் கால்ல சிவப்பு: அதே மாதிரி. ஒயரை மாத்திப் புடிச்சா ஓபன் காட்டணும். ரெண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுனா ஐபிஎம் ஷார்ட். ஐபிஎம் நல்லா இருந்து பியூஸ் மட்டும் போயிருந்தா பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் நீல வட்டு மாதிரி இருக்கற எம்ஓவியையும் (அதிக வோல்ட்டேஜ் வந்தாத் தான் வாங்கிக்கற பார்ட்) பாருங்க. கரண்ட் ஏறி எறங்குற லைன்ல 14டி 471 எம்ஓவி கருகி, தன் உசுரைக் குடுத்து மத்ததைக் காப்பாத்தியிருக்கும். அதை வெட்டி எறிஞ்சுட்டு பியூஸ் மட்டும் மாத்தற ஆளுங்க உண்டு. அடுத்த சர்ஜ்ல மொத்தமும் போகும்.

இதுல தேறுனதை சீரிஸ் லைட் போர்டுல 100 வாட் குண்டு பல்பு வெச்சு ஆன் பண்ணுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்குனா சரி, எரிஞ்சுட்டே நின்னா உள்ள ஷார்ட். மோட்டாரை லோடு இல்லாம ஓட விட்டு பெடல் மெதுவா மிதிச்சு, அரை மணி நேரம் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்க.

மோட்டாரையும் விட்ராதீங்க. மூணு காயிலும் ஒரே ஓம்ஸ் வரணும், பாடிக்கு 500 வோல்ட் மெக்கர்ல ஒரு மெகா ஓமுக்கு மேல வரணும். மெக்கர் போடறப்ப பாக்ஸ் கனெக்டரைக் கண்டிப்பாக் கழட்டிருங்க, மோட்டார் சுத்தற பொசிஷனைச் சொல்ற ஹால் சென்சர் ஒயரைத் தொடவே கூடாது. புல்லியைக் கையில சுத்துனா ஹால் லைன் ஒவ்வொண்ணும் 0, 5ன்னு மாறி மாறி வரணும். மாறலைன்னா பத்துக்கு ஏழு எட்டுல கேபிள் மடங்குற எடத்துல ஒயர் அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இந்த ரோட்டார்ல பெரும்பாலும் நியோடிமியம் காந்தம். மோட்டாரை எடைக்குப் போட்டா அது இரும்போட இரும்பா உருகிப் போயிரும், யாரும் தனியா எடுக்க மாட்டாங்க. மோட்டார் மோட்டாராவே ஓடுனாத்தான் அந்தக் காந்தம் மிஞ்சும்.

அனுப்பர்பாளையத்தான்

ரொம்ப நன்றிங்கண்ணா. ஒரு வாரமா இதே வேலைதான். 62ல 38 பாக்ஸ் கழுவிக் காய வெச்சதுமே ஓடுது. 9 பாக்ஸ்ல பியூஸ், பிரிட்ஜ், எம்ஓவிதான். 11ல ஐபிஎம் ஷார்ட். 4ல டிஸ்பிளே வரல, ஐபிஎம் ரீடிங் நல்லா இருக்கு. இந்த 15ஐ என்ன பண்றதுங்க? புது ஐபிஎம் ஆன்லைன்ல மலிவாக் கெடைக்குது, வாங்கலாமா?

மீட்டர்காரர், பீளமேடு

மலிவா வர்ற "புது" ஐபிஎம் பெரும்பாலும் பழசைச் சொரண்டி மேல வேற நம்பர் அச்சடிச்சதா இருக்கும், பாத்துக்கங்க. உங்க கையில இருக்கற ஒரிஜினல் பழசு அதை விட மேல்.

உங்க மாடல்ல பவர் போர்டும் கன்ட்ரோல் போர்டும் தனித்தனியா, நடுவுல ரிப்பன் கேபிளோட இருந்தா சால்டரிங் அயர்னே வேண்டாம். டிஸ்பிளே வராத 4 பாக்ஸோட பவர் போர்டை, ஐபிஎம் போன 4 பாக்ஸோட கன்ட்ரோல் போர்டோட சேர்த்தா 4 பாக்ஸ் ஓடும். போர்டு வெர்ஷன் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணான்னு மட்டும் பாருங்க. மாத்துன உடனே பெடல் சீரோவையும் ஊசி நிக்கற பொசிஷனையும் திரும்ப செட் பண்ணணும், இல்லைன்னா ஊசி கண்ட எடத்துல நிக்கும்.

அப்போ 38ம் 9ம் 4ம் சேர்ந்து 51 ஓடறது. மிச்சம் 11 கூடு. அதுல பெடல் சென்சர், பேன், டிரான்ஸ்பார்மர், கனெக்டர், மூடி, பவர் கார்டு எல்லாத்தையும் கழட்டி டப்பாவுல போட்டு, 51 செட் விக்கறப்ப ஸ்பேரா குடுங்க. ஸ்பேர் கெடைக்கும்னு தெரிஞ்சா வாங்கறவனுக்கு நம்பிக்கை வரும். பெரிய கெபாசிட்டரைக் கழட்டுனா கெபாசிட்டன்ஸ் மீட்டர்ல அளந்து பாருங்க, எழுதியிருக்கறதுல 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது வேண்டாம்.

விஎஃப்டி அஞ்சும் எத்தனை நாளாக் கெடக்குது? ரெண்டு வருஷத்துக்கு மேல சும்மா கெடந்திருந்தா நேரா 415 வோல்ட் குடுத்தா கெபாசிட்டர் வெடிக்கலாம். உள்ள இருக்கற ஆக்ஸைடு படலம் தேஞ்சிருக்கும். வேரியாக் (வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற டிரான்ஸ்பார்மர்) வாங்கிட்டு வந்து, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால், முழுசுன்னு ஒவ்வொண்ணுலயும் அரை மணி நேரம் விட்டு ஏத்துங்க. 7.5 கிலோவாட் டிரைவைக் கம்ப்ரஸருக்குத் திரும்பப் போடணும்னு இல்லை. 2.2 கிலோவாட் தண்ணி மோட்டாருக்குப் போட்டா பாதி லோடுக்கும் கம்மியா, குளுகுளுன்னு ஓடும். மோட்டார் பிளேட்ல இருக்கற ஆம்பியரை பாராமீட்டர்ல மாத்த மறந்தா மட்டும் மோட்டார் வெந்து போகும், டிரைவ் காட்டிக் குடுக்காது.

தங்கமேடு

அந்த 11 போர்டையும் கம்ப்யூட்டர் போர்டையும் ஏன் தர்றீங்க? ராம் ஓரத்துல மஞ்சளா இருக்கறது தங்கம்தானுங்களே. ஆசிட் வாங்கி நாமளே எடுக்கலாம், யூடியூப்ல எல்லாம் இருக்குது.

மீட்டர்காரர், பீளமேடு

வேண்டாம் தம்பி. அந்த மஞ்சள் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் கம்மி. 24 கம்ப்யூட்டர் ராம்ல வர்ற தங்கம் ஆசிட் செலவுக்கே காணாது. நைட்ரிக் ஆசிட்ல செம்பு கரையறப்ப கெளம்பற செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்ஸைடு. அந்த நேரத்துல சும்மா இருமல் மாதிரிதான் தெரியும், நுரையீரல்ல நீர் கோக்கறது பல மணி நேரம் கழிச்சு, வீட்டுல படுத்திருக்கறப்ப. மிஞ்சற பச்சைத் தண்ணியில செம்பு, ஈயம், நிக்கல் எல்லாம் இருக்கும். அதை எங்க கொட்டுவீங்க? சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணையை என்ன பண்ணுச்சுன்னு பாத்த ஊர்க்காரங்க நாம.

அதுபோக ஆசிட்காரன் தங்கத்தை மட்டும் எடுத்துட்டு வெள்ளி, பல்லேடியம், தகரம் எல்லாத்தையும் சாக்கடைக்கு விடறான். பெல்ஜியத்துல ஹோபோக்கன்ல இருக்கற உருக்காலையில இதே மாதிரிக் கலவையில இருந்து 17 உலோகம் பிரிக்கறாங்க. நம்ம நாட்டு ரீசைக்கிளர்களும் போர்டைப் பிரிச்சுப் பொடியாக்கி அந்த மாதிரி உருக்காலைக்கு ஏத்துமதி பண்றது உண்டு. முழு போர்டாக் குடுத்தாத்தான் அதெல்லாம் சுழற்சிக்குள்ள போகும். ஒயரை எரிச்சுச் செம்பு எடுக்கறதும் இதே கதைதான். பிவிசி எரிஞ்சா டையாக்ஸின், எரிஞ்ச செம்புக்கு விலையும் கம்மி. உரிச்ச செம்புக்குத்தான் நல்ல ரேட்.

ஈரோடு சர்வர்ரூம்

கம்ப்யூட்டருக்கு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும் கேக்குது. உங்க 24ம் அதுல சேராது. இதனாலதான் எல்லா ஆபீஸ்லயும் ஓடற கம்ப்யூட்டரைக் குப்பைங்கறாங்க. சாமான் கெடல, சாஃப்ட்வேர் கைய விட்டுருச்சு.

புதுசா ராம் வாங்க வேண்டாம். 24ல 4 ஜிபி தனித்தனியா இருக்கும், ரெண்டு மிஷின் ராமை ஒண்ணுல போட்டா 8 ஜிபியோட 12 மிஷின் கெடைக்கும். டிடிஆர்3எல் ராம் 1.35 வோல்ட்லயும் 1.5லயும் ஓடும். சாதா டிடிஆர்3 1.5ல மட்டும்தான், கலக்கறப்ப ஸ்டிக்கரைப் பாருங்க. கோல்டு கால்ல சாதா ரப்பர் போட்டுத் தேச்சு, மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராம் வேண்டாம். காசு போடறதுன்னா 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மட்டும் போடுங்க, அதுல லினக்ஸ். நம்ம சி-டாக் சென்னையில பண்ணுன பாஸ் லினக்ஸும் இருக்குது. டேலி நேரா இதுல ஓடாது, அதனால அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கு இதைக் குடுக்காதீங்க. லைன்ல புரொடக்ஷன் போர்டு காட்ட, செக்கிங்ல பார்கோடு என்ட்ரி போட, பிரவுசர்ல ஓடற ஈஆர்பி பாக்க, இதுக்கெல்லாம் தாராளம். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) 12 வோல்ட் லைனை லோடுல அளந்து பாருங்க, 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நிக்கணும்.

இப்போ டேட்டா. ஃபார்மேட் போட்டா அழிஞ்சுருச்சுன்னு நெனைக்காதீங்க. ஹார்டு டிஸ்க்னா பென் டிரைவ்ல டிஸ்க் அழிக்கற ஷ்ரெட்ஓஎஸ் போட்டு பூட் பண்ணி ஒரு தடவை முழுசாப் பூஜ்யம் எழுதி, சரிபார்க்கற ஆப்ஷனையும் போட்டுக்கங்க. நொடிக்கு 100 எம்பி வேகத்துல 500 ஜிபிக்கு எழுத மட்டும் ஏறக்குறைய ஒண்ணரை மணி நேரம். ஏழு தடவை, முப்பத்தஞ்சு தடவை எல்லாம் பழைய காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டிக்கு இந்த முறை வேலைக்காகாது, அதுக்குள்ளயே இருக்கற செக்யூர் எரேஸ் கமாண்டுதான். டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 5, 197 நம்பர் வரிசையில பூஜ்யத்தைத் தவிர வேற எது இருந்தாலும் அந்த டிஸ்க்கைத் திரும்பப் போடாதீங்க. ஸ்பின் ஆகாத டிஸ்க்னா டிரில்லிங் மிஷின்ல தட்டு வழியா மூணு ஓட்டை. லேப்டாப் டிஸ்க்ல கண்ணாடித் தட்டு இருக்கலாம், நொறுங்கித் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கங்க.

எல்லாரும் மறக்கற ரெண்டு சாமான்: டிவிஆர், அட்டெண்டன்ஸ் மிஷின். டிவிஆர் டிஸ்க்கைக் கழட்டி மேல சொன்ன மாதிரியே அழிக்கணும். அட்டெண்டன்ஸ் மிஷின்ல அத்தனை தொழிலாளி கைரேகையும் உள்ள இருக்கு, அட்மின் மெனுவுல எல்லா யூசரையும் டெலிட் பண்ணி, அப்புறம் ஃபேக்டரி ரீசெட். ஆன் ஆகலைன்னா போர்டுல மெமரி சிப்பை உடைச்சுட்டுக் குடுங்க. பெரிய ஜெராக்ஸ் மிஷின் இருந்தா அதுக்குள்ளயும் ஹார்டு டிஸ்க் இருக்கும், அதுல தொழிலாளிங்க ஆதார் நகல் எல்லாம் தங்கியிருக்கலாம்.

சேலத்து பேட்டரி

பேட்டரி இவ்வளவு நாள் சார்ஜ் இல்லாமக் கெடந்திருந்தா பாதி போயிருக்கும், இருந்தாலும் பாருங்க. முதல்ல உப்பியிருக்கறது, ஒழுகறது தனி, அதை டெஸ்ட் பண்ணவே வேண்டாம். மிச்சத்தை முழுசாச் சார்ஜ் பண்ணி ஒரு நாள் சும்மா விடுங்க. அதுக்கப்புறம் 12.4 வோல்ட்டுக்குக் கீழ நிக்கறது சந்தேகம்.

வோல்ட்டேஜை மட்டும் நம்பாதீங்க, லோடு போடுங்க. 26 ஆம்பியருக்கு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒண்ணு. 10.5 வோல்ட்டுக்கு எறங்க நாலு மணி நேரத்துக்கு மேல ஆனா நல்ல பேட்டரி. மூணு மணி நேரம்னா யுபிஎஸ்ஸுக்கு வேண்டாம், கேமரா பேக்கப்புக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கும் ஆகும். ரெண்டுக்குக் கீழ கழிவு. 7 ஆம்பியருக்கு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடணும். 10.5 வந்ததும் பல்பைக் கழட்டி உடனே சார்ஜ் போடுங்க, அப்படியே ராத்திரி விட்டா சல்பேட் ஏறி டெஸ்ட்டே அதைக் கொன்னுரும். தேறுனதையும் ஒரே நேரம் ஓடுனதா ஜோடி சேர்த்துத்தான் சீரிஸ்ல போடணும். சோப்ளாங்கி ஒண்ணு நடுவுல இருந்தா நல்ல ஏழையும் அது சாப்பிட்டுரும்.

கழிவுப் பேட்டரியில ஆசிட்டை இறக்கிட்டுத் தரச் சொல்ற ஆளுக்குத் தராதீங்க. உங்க மொத்த லாட்டும் 200 கிலோவுக்கு மேல வரும், அதுல பாதிக்கு மேல ஈயம். ஆசிட்டைச் சாக்கடையில விட்டுட்டு, கூட்டை உடைச்சு, ஈயத்தைத் தெறந்தவெளியில உருக்கற ஆளுகிட்டப் போச்சுன்னா அந்தப் புகை முதல்ல போறது பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு. பேட்டரி இ-கழிவு விதியில வராது, அதுக்குத் தனியா 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதி. புது பேட்டரி வாங்கற டீலர்கிட்டயே எக்ஸ்சேஞ்சுக்கு எடை ரசீதோட குடுங்க. டெர்மினல்ல டேப் ஒட்டி, நிமுத்தி வெச்சு, மரப் பலகை மேல.

காகிதக்காரி, கோயம்புத்தூர்

சட்டத்துக்கும் ஆடிட்டுக்கும் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

இப்போது நடப்பில் இருப்பது இ-கழிவு மேலாண்மை விதிகள் 2022. அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. பட்டியலில் 106 வகைச் சாமான்கள் இருக்கின்றன. ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது குறைந்தது 1000 சாமான் பயன்படுத்தும் நிறுவனம்தான் மொத்த நுகர்வோர். உங்கள் கம்பெனியில் ஓடுவதை எண்ணிப் பாருங்கள், கேமரா, பிரிண்டர், டியூப் எல்லாம் சேர்த்தால் நினைப்பதை விட அதிகம் வரும். மைக்ரோ நிறுவனத்துக்கு இந்த விதி பொருந்தாது. 2025 ஏப்ரல் முதல் அதற்கான வரம்பு இரண்டரை கோடி முதலீடு, பத்து கோடி விற்றுமுதல். விதி உங்களுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, பையர் கேட்பது விதியை மட்டும் பார்த்து அல்ல. ஹிக் (ஆடைத் தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடு) மாதிரி மதிப்பீட்டில் கழிவை வகைவாரியாக எடையோடு காட்டச் சொல்வார்கள்.

"நாங்கள் ஆதரைஸ்டு" என்று சொல்லி ஒரு பழைய சேகரிப்பு மையச் சான்றிதழைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2022 விதியில் பதிவு நாலே வகைக்குத்தான்: தயாரிப்பாளர், உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர். சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்று தனிப் பதிவே இப்போது கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இபிஆர் (தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு) போர்ட்டலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகல், அதில் தேதியும் கொள்ளளவும். வண்டி ஏற்றும்போது வகைவாரி எடைச் சீட்டு. பிறகு மறுசுழற்சிச் சான்றிதழ், அதில் உங்கள் எடைச் சீட்டு எண் இருக்க வேண்டும். "மொத்தம் 900 கிலோ இ-கழிவு" என்று ஒரே வரியில் வரும் சான்றிதழை ஆடிட்டர் திருப்பிவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பலாம் என்று ரீசைக்கிளர் சொன்னால், அவரும் 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

விற்கும் 51 சர்வோ செட்டும் 12 கம்ப்யூட்டரும் கழிவு அல்ல, பழைய சாமான். அவற்றைச் சொத்துப் பதிவேட்டில் இருந்து எடுத்து, "சோதித்துப் பார்த்தது, இயங்குகிறது" என்று எழுதி பில் போடுங்கள். கழிவு என்று எழுதிய சாமானை பவர் டேபிள்காரருக்கு விற்றதாகக் காகிதம் இருந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

வெள்ளக்கோவில் வடக்கு

மேல எல்லாரும் சொன்னதோட ஒத்துப் போறேன், ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்றேன். கம்ப்யூட்டரைப் பக்கத்து ஸ்கூலுக்கு தானமாத் தர்றேன்னு யாராச்சும் கெளம்புவாங்க. எஸ்எஸ்டி போடாம, மவுஸ் இல்லாம, மானிட்டர் இல்லாம 12 டப்பாவைக் கொண்டு போய் எறக்குனா அது தானம் இல்ல, நம்ம குப்பையை அவங்க பரணுக்கு மாத்தறது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஹெட்மாஸ்டர் இதே கேள்வியை இங்க வந்து கேப்பார். குடுத்தா முழு செட்டா, ஒரு வருஷம் கெட்டா வந்து பாத்துத் தர்றோம்னு ஆளோட குடுங்க. இல்லைன்னா உங்க லைன்லயே ஓட்டுங்க.

எல்இடி டியூப்புக்கு ஒரே வரி: 140ஐயும் சோதிக்கறப்ப டிரைவரைத் தனியா, பட்டையைத் தனியாப் பாருங்க. பட்டை நல்லது ஒரு பக்கம், டிரைவர் நல்லது ஒரு பக்கம் சேர்த்தாலே நெறைய எரியும். பழைய குழல் விளக்கு 60ம் உடையாம, வந்த அட்டைப் பெட்டியிலயே நிமுத்தி வைங்க, உள்ள பாதரசம் இருக்கு.

அனுப்பர்பாளையத்தான்

அக்கா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. போர்ட்டல்ல பாத்து மூணு ரீசைக்கிளர்கிட்டப் பேசுனேன். போர்டு, எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க்குன்னா உடனே வர்றேங்கறாங்க. சிஆர்டி 9ஐச் சொன்னதும் "அது வேண்டாமுங்க"ன்னு போனை வெச்சர்றாங்க. என்ன பண்றது?

காகிதக்காரி, கோயம்புத்தூர்

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரீசைக்கிளர் தயாரிப்பாளருக்கு விற்கும் இபிஆர் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நாலு உலோகத்துக்குத்தான். சிஆர்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம், அதற்குச் சான்றிதழும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ஒழுங்காகச் செய்தால் ஈயக் கண்ணாடியைத் தனியாகப் பிரித்து, கும்மிடிப்பூண்டி போன்ற அபாயகரக் கழிவு மையத்துக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும்.

அதனால் போர்டைத் தனியாக விற்காதீர்கள். 11 சர்வோ கூடு, 12 கம்ப்யூட்டரின் மிச்சம், பிரிண்டர், யுபிஎஸ், சிஆர்டி 9, குழல் விளக்கு 60 எல்லாம் ஒரே லாட். "போர்டு வேண்டுமென்றால் சிஆர்டியும் சேர்த்து ஏற்ற வேண்டும், சான்றிதழில் அது தனி வரியாக வர வேண்டும்" என்று விலை கேட்கும்போதே எழுதி அனுப்புங்கள். மொத்த விலை கொஞ்சம் குறையும். சிஆர்டியில் இருந்து செம்புக் காயிலை மட்டும் கழட்டிக்கொண்டு கண்ணாடியை விட்டுப் போகிறேன் என்பவருக்கு லாட்டே கிடையாது.

மீட்டர்காரர், பீளமேடு

வண்டி வர்ற வரைக்கும் சிஆர்டியைத் திரை கீழ பாக்க, அட்டை விரிச்சுப் பலகை மேல கவுத்து வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. பின்னாடி மூடியைக் கழட்டவே வேண்டாம். கழுத்துக் கண்ணாடி மெல்லிசு, உள்ள வெற்றிடம், தட்டுப்பட்டா உள்வாங்கி வெடிக்கும். சிவப்பு ரப்பர் மூடி மாதிரி இருக்கற ஆனோடுல எப்பவோ ஏறுன சார்ஜ் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.